பண்ட் நாடு பாண்டி நாடு இல்லை: வரலாற்று வீடியோ போடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் பழைய வரலாற்றைப் பற்றி வீடியோ போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். இதில் யாருடைய பெயரையும் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் ஒரே ஒருவர் செய்கிற தப்பு இல்லை இது. போன மாதம் என் அக்கா மகள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். "மாமா, எகிப்து ராணி கப்பல் அனுப்புனது நம்ம மதுரைக்குத்தானாமே!" என்றாள். கண்ணில் அவ்வளவு சந்தோஷம். உட்கார்ந்து முழு வீடியோவையும் பார்த்தேன். உழைத்து எடுத்திருக்கிறார்கள், குரல் நன்றாக இருக்கிறது, இசை நன்றாக இருக்கிறது. ஹட்ஷெப்சுட் ராணி ஐந்து கப்பல்கள் அனுப்பிய பண்ட் நாடு என்பது பாண்டி நாடுதான், பெயரே சொல்கிறதே, இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று முடித்திருந்தார்கள். தேடிப் பார்த்தால் இதே பேச்சு இன்னும் பல இடங்களில் இருக்கிறது. இன்னொரு பக்கம் வேறு சிலர், எகிப்தியர்கள் வெறும் ஆற்று ஜனங்கள், கடலைக் கண்டாலே பயம், கடல் வேலையெல்லாம் லெபனான் கரையில் இருந்த பினீசியர்களை வைத்துச் செய்துகொண்டார்கள் என்று அடித்துச் சொல்கிறார்கள்.

இரண்டுமே தப்பு. ஆனால் தப்பு என்பதைவிட எனக்கு அதிகம் வலிப்பது, இந்த இரண்டுக்கும் நடுவில் மண்ணிலிருந்து எடுத்த நிஜமான கதை ஒன்று இருக்கிறது, அதைத் தமிழில் கிட்டத்தட்ட யாருமே சொல்லவில்லை என்பதுதான்.

நான் தூத்துக்குடிக்காரன். என் தாத்தா தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்துகிற தலைவராக இருந்தவர். பாய்மரம், நங்கூரம், கயிறு என்று கேட்டு வளர்ந்தவன் என்பதால் இந்த விஷயத்தை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கயிற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். எகிப்தின் செங்கடல் கரையில், சஃபாகா துறைமுகத்துக்குத் தெற்கே, மெர்சா கவாசிஸ் என்று ஒரு இடம். கல்லும் மணலும் தவிர கண்ணுக்கு ஒன்றும் தெரியாத பாலைவனக் கரை. 1976இல் அலெக்சாந்திரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அப்தெல் மொனெம் சயீத் என்ற பேராசிரியர் அங்கே தோண்டி, எழுத்து பொறித்த கற்களையும் கல் நங்கூரங்களையும் எடுத்தார். ஃபாரோ என்ற பழைய எகிப்து மன்னர்கள் காலத்துத் துறைமுகம் இதுதான் என்று சொன்னார். அந்தக் காலத்தில் எகிப்தியர்கள் பண்டுக்குக் கடல் வழியாகப் போனார்களா என்பதையே சந்தேகப்பட்ட அறிஞர்கள் இருந்தார்கள், அதனால் அவர் சொன்னதை எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அப்புறம் 2001இலிருந்து கேத்ரின் பார்ட், ரொடோல்ஃபோ ஃபத்தோவிச் என்ற இரண்டு பேராசிரியர்கள், ஒருவர் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்தும் மற்றவர் இத்தாலியின் நேப்பிள்ஸிலிருந்தும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து பத்து வருடம் வேலை செய்தார்கள். 2004 டிசம்பரில் ஒரு மணல் சரிவில் வேலை நடந்துகொண்டிருந்தபோது பார்டின் கை சட்டென்று உள்ளே போனது. பின்னால் வெற்றிடம். மனிதர்கள் குடைந்த குகை.

அந்தக் குகைகளில் ஒன்றில்தான் கயிறு. கப்பல் கயிறு, பெரிய பெரிய வளையங்களாகச் சுருட்டி, ஒவ்வொன்றையும் நடுவில் இறுக்கிக் கட்டி, வரிசை மாறாமல் அடுக்கி வைத்திருந்தது. கிட்டத்தட்ட 3,800 வருடமாக அது அப்படியே கிடந்திருக்கிறது. அந்தப் படத்தை முதல் முறை பார்த்தபோது நான் அசந்துபோனேன், ஏனென்றால் தாத்தா கயிற்றைச் சுருட்டி வைக்கிற விதமும் அதுதான். பயணம் முடிந்து வந்தவன் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கயிற்றை அள்ளிப் போட்டுவிட்டுப் போக மாட்டான், அடுத்த தடவை சிக்கெடுக்க வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அடுத்த பயணம் உண்டு என்று நினைத்தவன்தான் அப்படிச் சுருட்டி வைப்பான். திரும்பி வந்து அதை எடுக்கத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

குகைக்குள்ளேயும் வெளியேயும் வேறு என்னென்ன கிடைத்தது என்று பாருங்கள். லெபனான் தேவதாரு மரத்தில் செய்த கப்பல் பலகைகள், ஒன்றோடொன்று கோத்துச் சேர்ப்பதற்கான துளைகளும் கட்டைகளும் இருந்தபடியே. சுக்கான் துடுப்பின் அலகுகள். கல் நங்கூரங்கள். நாற்பதை ஒட்டிய எண்ணிக்கையில் காலி மரப் பெட்டிகள், அவற்றில் இரண்டில் எழுத்து இருக்கிறது: நான்காம் ஆமெனெம்ஹத் மன்னரின் எட்டாம் ஆண்டு, பண்டின் அற்புதப் பொருட்கள் என்று. சரக்கு எங்கிருந்து வந்தது என்று பெட்டி மேலேயே எழுதி, தேதியும் போட்டு, நமக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்! கப்பல் பலகைகளில் பல, கடலில் மரத்தைத் துளைக்கும் புழு அரித்த பலகைகள். அந்தப் புழு நைல் ஆற்றில் கிடையாது, உப்புத் தண்ணீரில்தான் உண்டு. இந்தப் பலகை நிஜமாகவே கடலில் கிடந்து வந்தது என்பதற்குப் புழு போட்ட ஓட்டையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சரி, லெபனான் மரம் செங்கடல் கரைக்கு எப்படி வந்தது? இந்த இடத்தை உங்களில் யாராவது ஒருவர் அனிமேஷன் போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை. லெபனானில் வெட்டிய மரம் மத்தியதரைக் கடல் வழியாக எகிப்துக்கு வந்து, நைலில் தெற்கே ஏறி, கோப்டோஸ் என்ற ஊருக்குப் போகிறது, இன்று அதன் பெயர் கிஃப்த். அங்கே ஆற்றங்கரைத் தச்சுப் பட்டறையில் கப்பலைக் கட்டுகிறார்கள். கட்டியதைப் பலகை பலகையாகக் கழற்றுகிறார்கள். ஆளும் கழுதையுமாகப் பாலைவனத்தைத் தாண்டிக் கடற்கரைக்குச் சுமந்து போகிறார்கள், அந்தக் காலத்தில் அங்கே சுமை தூக்க ஒட்டகம் கிடையாது. கரையில் மறுபடி கோத்துக் கட்டி, கடலில் இறக்கி, தெற்கே மாதக் கணக்கில் போய்வந்து, திரும்ப எல்லாவற்றையும் கழற்றிக் குகைக்குள் வைக்கிறார்கள். முதலாம் செனுஸ்ரெத் மன்னர் காலத்தில், கி.மு. 1900ஐ ஒட்டி, அன்டெஃபோகர் என்ற தலைமை அமைச்சர் இப்படி ஒரு பயணத்தை ஏற்பாடு செய்தார். அதைப் பற்றிய கல்வெட்டை சயீத் அங்கேயே எடுத்தார். கோப்டோஸில் கப்பல் கட்டியதும் அதில் இருக்கிறது, எத்தனை ஆள் போனார்கள் என்ற கணக்கும் இருக்கிறது, மொத்தம் 3,700 பேருக்கு மேல். குடிக்கத் தண்ணீர்கூடச் சுலபமாகக் கிடைக்காத கரையில் இத்தனை பேருக்கும் ரொட்டி சுட்டுப் போட்டிருக்கிறார்கள். ரொட்டி சுட்ட மண் அச்சுகளும் கிடைத்திருக்கின்றன.

ஆணி இல்லாத கப்பல் கடலில் நிற்குமா என்று கேட்பவர்களும் உண்டு. நம் கிழக்குக் கரையில் மசூலா படகு பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள், அது முழுக்கக் கயிற்றால் தைத்த படகு. எகிப்தியக் கப்பல் வேறு வகை: பலகை கனமானது, பக்கத்துப் பக்கத்துப் பலகைகள் இரண்டிலும் பள்ளம் வெட்டி, நடுவில் தனி மரக்கட்டையைச் செருகிச் சேர்த்திருப்பார்கள். ஷெரில் வார்ட் என்ற கப்பல் தொல்லியலாளர், கவாசிஸ் பலகைகளின் தடிமனையும் ஹட்ஷெப்சுட் கோயில் சுவரில் உள்ள கப்பல் படங்களையும் வைத்துக்கொண்டு 20 மீட்டர் நீளத்தில் ஒரு கப்பலையே கட்ட வைத்தார். நைல் முகத்துவாரத்தில் ரஷீத் ஊர்த் தச்சர்கள் கட்டினார்கள். தண்ணீரில் இறக்கியபோது முதலில் கசிந்தது, மரம் ஊறி உப்பி இடைவெளி தானாக அடைபட்டது. 2008 டிசம்பரில் செங்கடலில் அதைப் பாய் விரித்து ஓட்டிக் காட்டினார்கள். நல்ல அலையிலும் தாங்கியது. "மின் ஆஃப் தி டெசர்ட்" என்று பெயர் வைத்தார்கள், மின் என்பது கோப்டோஸ் ஊர்த் தெய்வம்.

கவாசிஸோடு நிறுத்த மனம் வரவில்லை. அதைவிட 700 வருடம் பழையது வாதி அல் ஜர்ஃப் துறைமுகம். சூயஸ் வளைகுடாவின் மேற்குக் கரையில் இருக்கிறது, கிசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னர் காலத்தது, அதாவது கி.மு. 2600ஐ ஒட்டியது. உலகத்தில் இதுவரை கண்டுபிடித்த கடல் துறைமுகங்களிலேயே பழையது. பிரெஞ்சுக்காரர் பியர் தாலே 2011இலிருந்து அங்கே தோண்டுகிறார். பாறையில் குடைந்த முப்பது நீளமான அறைகள், கழற்றிய படகுகளை வைத்துப் பெரிய கற்களால் வாயை அடைப்பதற்காக. கடலுக்குள் 150 மீட்டருக்கும் மேல் நீளும் கல் அணைக்கரை. ஒரே இடத்தில் கிடந்த ஏறக்குறைய நூறு கல் நங்கூரங்கள், சிலவற்றில் படகின் பெயரும் எழுதியிருக்கிறது. இங்கிருந்து எதிர்க்கரை சினாய்க்குப் போய்ச் செம்பும் நீலப்பச்சைக் கல்லும் கொண்டுவந்தார்கள்.

2013இல் அறை வாயை அடைத்த அந்தக் கற்களின் இடுக்கில் பாப்பிரஸ் என்ற நாணல் தாள்கள் கிடைத்தன. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் உலகிலேயே பழையவை. அவற்றில் ஒன்று மேரேர் என்ற மேஸ்திரியின் நாட்குறிப்பு. இன்று தூராவில் கல் ஏற்றினோம், இன்று கிசா வந்தோம், இரவு இன்ன இடத்தில் தங்கினோம் என்று நாள் தவறாமல் எழுதியிருக்கிறார். பெரிய பிரமிடுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போன படகு ஆட்களின் தலைவர் அவர். கூஃபுவின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அன்க்ஹாஃப் மேற்பார்வை பார்த்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. பிரமிடைக் கட்டியது வேற்றுக்கிரகவாசிகள் என்று வீடியோ போட்டவர்களும் உங்களில் உண்டு. அவர்களை நான் கெஞ்சிக் கேட்கிறேன், தயவுசெய்து மேரேரின் தாளை ஒரு தடவை படித்துப் பாருங்கள். கல் சுமந்த மனிதனே கைப்பட எழுதிய கணக்கு அது. அவருடைய உழைப்பை எடுத்து வானத்திலிருந்து வந்தவனுக்குக் கொடுப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

மத்தியதரைக் கடல் பக்கம் பற்றி ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன், அது ஓரளவு தெரிந்த கதைதான். கூஃபுவின் அப்பா ஸ்னெஃபெரு காலத்தில் தேவதாரு மரம் ஏற்றிய நாற்பது கப்பல்கள் வந்ததாக, பழைய மன்னர்களின் ஆண்டுக் குறிப்புகள் பொறித்த பலெர்மோ கல்லில் இருக்கிறது. 1954இல் பெரிய பிரமிடுக்குப் பக்கத்தில் கிடைத்த கூஃபுவின் படகு 43 மீட்டர் நீளம், 1,224 துண்டுகளாகக் கழற்றி அடுக்கி வைத்திருந்தார்கள், அதுவும் லெபனான் மரம். துருக்கிக் கரையில் மூழ்கிய உலுபுருன் கப்பலில் நெஃபெர்டிட்டி ராணியின் பெயர் பொறித்த தங்க முத்திரை கிடைத்தது. அதை வைத்து அது எகிப்தியக் கப்பல் என்று சொல்லிவிட முடியாது, பத்து டன் செம்போடு பல நாட்டுச் சரக்கையும் ஏற்றிய கப்பல் அது.

இப்போது பண்டுக்கு வருகிறேன். முதலில் பெயர். எகிப்திய எழுத்தில் உயிரெழுத்து எழுதுவதில்லை. அங்கே இருப்பது ப், வ், ன், த் என்ற மெய்கள்தான். அதை அவர்கள் வாயால் எப்படிச் சொன்னார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஐரோப்பியர்கள் தங்கள் வசதிக்கு ஒரு மாதிரி எழுத, அதை ஆங்கிலத்தில் படித்து நாம் பண்ட் என்கிறோம், அங்கிருந்து பாண்டிக்குத் தாவுகிறோம். காலமும் இடிக்கிறது. சஹூரே மன்னர் காலத்தில், கி.மு. 2450ஐ ஒட்டியே, பண்டிலிருந்து நறுமணப் பிசின் வந்த கணக்கு இருக்கிறது. பாண்டியர் பெயர் கல்வெட்டில் நமக்குக் கிடைப்பது அசோகர் காலத்தில், கி.மு. 3ஆம் நூற்றாண்டில். நடுவில் இரண்டாயிரம் வருடம் சும்மா கிடக்கிறது.

அப்புறம் சுவரில் இருக்கும் படங்கள். தெய்ர் எல் பஹ்ரியில் உள்ள ஹட்ஷெப்சுட் கோயிலில், கி.மு. 15ஆம் நூற்றாண்டுச் சிற்பத்தில், பண்ட் நாட்டை விலாவாரியாகக் காட்டியிருக்கிறார்கள். கம்பங்கள் மேல் கட்டிய வீடு, ஏணி, நாட்டுத் தலைவர் பாராஹு, அவர் மனைவி ஆட்டி, வேரோடு கூடையில் தூக்கிப் போகும் பிசின் மரங்கள், கப்பலுக்கு அடியில் செங்கடல் மீன்கள். ஒட்டகச்சிவிங்கி இருக்கிறது. பபூன் குரங்கு இருக்கிறது. நம் நாட்டில் அனுமன் குரங்கு உண்டு, நாட்டுக் குரங்கு உண்டு, பபூன் கிடையாது. ஒட்டகச்சிவிங்கியும் கிடையாது.

எகிப்தியர்கள் பபூன்களைப் புனிதமாக நினைத்து மம்மி ஆக்கி வைத்தார்கள். அந்த மம்மிகளின் பல்லிலும் எலும்பிலும் உள்ள ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தை அளந்தார்கள், ஒரு விலங்கு எந்த மண்ணில் வளர்ந்ததோ அந்த மண்ணின் அடையாளம் பல்லில் தங்கிவிடும். நாதானியல் டோமினியின் குழு 2020இல் வெளியிட்ட முடிவு, இன்றைய எரித்திரியா, எத்தியோப்பியா, ஜிபூட்டி, சோமாலியா, அதோடு ஏமனின் சில பகுதிகள் அடங்கிய வட்டாரத்தைக் காட்டியது. 2023இல் ஜிசெலா கோப்பின் குழு, கொஞ்சம் பிந்தைய காலத்து மம்மி ஒன்றின் டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தது, அது எரித்திரியக் கடற்கரைப் பக்கம் போய் நின்றது. கவாசிஸில் கிடைத்த அந்நியப் பானை ஓடுகளும் ஏமன், எரித்திரியா, சூடான் பக்கத்தவைதான். எல்லாச் சாட்சியும் செங்கடலின் தென்கோடியைத்தான் கைகாட்டுகிறது. அந்த வட்டாரத்தில் சரியாக எந்த இடம் என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. மதுரை அந்தப் பட்டியலில் இல்லை.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், தமிழன் பெருமையைக் குறைக்கிறான் என்று. எனக்கு அந்தப் பெருமை உங்களுக்கு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன், நமக்கென்று கையில் இருப்பதை விட்டுவிட்டு ஏன் அடுத்தவர் வரலாற்றில் போய் உட்கார வேண்டும்? இரண்டாம் ராமசேஸ் கி.மு. 1213இல் இறந்தார், அவர் மம்மியின் மூக்கில் மிளகு இருந்தது. மிளகு விளைவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில். இது உண்மை, இதைத் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அது எத்தனை கை மாறி, எந்த வழியாக அங்கே போனது என்பதற்கு எழுத்தும் இல்லை, துறைமுகமும் இல்லை. அதை வைத்துத் தமிழ்க் கப்பல் ஃபாரோவின் வாசலில் நின்றது என்று சொல்ல முடியாது.

நம் ஆட்கள் அந்தக் கரையில் நின்றதற்குச் சான்று வேறு காலத்தில் இருக்கிறது. கவாசிஸுக்குக் கொஞ்சம் தெற்கே அல்குசைர், வெகு தெற்கே பெரெனிகே, இரண்டும் அதே செங்கடல் கரையில் இருந்த பழைய துறைமுகங்கள். பெரெனிகேயில் ஸ்டீவன் சைட்போத்தம், வில்லகே வெண்ட்ரிக் குழுவினர் 1994இலிருந்து தோண்டினார்கள். கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு, தேக்கு மரம், பானை ஓட்டில் தமிழ்ப் பிராமியில் கொற்றன் என்ற பெயர். அல்குசைரில் கணன், சாதன் என்ற பெயர்கள். பானை ஓட்டில் தன் பெயரைக் கீறி வைத்த ஆட்கள்! எல்லாம் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி, ரோமானியர் எகிப்தை ஆண்ட காலம். ஹட்ஷெப்சுட்டுக்கும் கொற்றனுக்கும் நடுவில் ஏறக்குறைய 1,500 வருடம். உங்கள் வீடியோக்களில் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, ஒரே வரைபடத்தில் ஒரே அம்புக்குறியில் காட்டிவிடுகிறீர்கள். பார்க்கிற பிள்ளைக்கு எது எப்போது என்று எப்படித் தெரியும்?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பண்ட்தான் பாண்டி என்று சொன்ன வீடியோ உங்கள் சேனலில் இருந்தால் அதை நீக்கக்கூட வேண்டாம், கீழே முதல் கமெண்டில் ஒரு திருத்தம் போடுங்கள். ஒரு பொருளைக் காட்டும்போது எந்த ஊரில் எடுத்தது, எந்த வருடம் எடுத்தது, எந்தக் காலத்தது என்ற மூன்றையும் திரையில் ஒரு வரியாகப் போடுங்கள், பத்து விநாடி வேலை. யூகத்தை யூகம் என்றே சொல்லுங்கள். என் அக்கா மகளிடம் கயிற்றுக் குகைப் படத்தைக் காட்டி இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். மதுரை இல்லை என்று தெரிந்ததும் முதலில் முகம் வாடியது, அப்புறம் கப்பலைக் கழற்றிக் கழுதையில் ஏற்றியதைச் சொன்னபோது "இதை ஏன் மாமா யாரும் போட மாட்டேங்கிறாங்க?" என்று அவளே கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் உங்களுக்கு அனுப்புகிறேன்.

யாராவது மெர்சா கவாசிஸ் பற்றியோ மேரேரின் நாட்குறிப்பு பற்றியோ எடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள். படித்துக் குறிப்பெடுத்துத் தர நான் தயார், காசு எதுவும் வேண்டாம். கயிறு சுருட்டுவதையும் பாய் கட்டுவதையும் நேரில் படம் பிடிக்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கு வாருங்கள், தோணியில் போன பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் இன்னும் எங்கள் தெருப் பக்கம் இருக்கிறார்கள், கூட்டிக்கொண்டு போகிறேன். அவர்களுக்கு வயதாகிவிட்டது, சீக்கிரம் வந்தால் நல்லது.

அன்புடன்,
தூத்துக்குடியிலிருந்து ஒரு தண்டலின் பேரன்